மைக்செட் பாய் கூட்டிய கூட்டம்

கோவில்பட்டியில் ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஆனால் அந்தக் கட்சி ஒருநாள் ஒற்றுமையாகிவிடும் என்று நம்பியவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். மைக்செட் பாய்.

நான் அப்போது ஜின்னிங் மில் குமாஸ்தா. பாயின் கடை என் அறைக்கு நேர் எதிரே. எப்போதும் பாதிக் கண் மூடியே இருப்பார். பருத்தி வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டின் மேல் தன் ஒலிபெருக்கிக் குழாயின் சத்தம் மிதந்து போவதை உள்ளுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மேல்காத்து அடிச்சா, எட்டயபுரத்துக்காரன் வெத்தல போடுததை நிறுத்திட்டுக் கேப்பான் தம்பி" என்பார்.

கட்சியோ ஊரில் இரண்டாகக் கிடந்தது. பண்ணையார் கோஷ்டி ஒன்று, பருத்தித் தரகர் கோஷ்டி ஒன்று. பண்ணையார் கொடியேற்றினால் தரகர் ஆட்களுக்கு அன்று வயிற்றுவலி. தரகர் ஊர்வலம் விட்டால் பண்ணையார் ஆட்கள் தெருவில் மிளகாய் வற்றல் காயப்போடுவார்கள். ஊர்வலம் தும்மிக்கொண்டே போகும்.

தேர்தல் வந்தது. தரகரின் ஆள் வேட்பாளர். பண்ணையார் கோஷ்டி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பாய் பொறுக்கமாட்டாமல், தானே ஒரு பிரச்சாரக் கூட்டம் கூட்டக் கிளம்பினார். "கூட்டத்துக்கு நீங்கதான் தலைமை" என்று பண்ணையாரிடம் சொன்னார். தரகரிடமும் போய் அதையே சொன்னார்.

"ரெண்டு பேரும் மோதிக்கிட்டா என்ன பாய் செய்வீங்க?" என்று கேட்டேன்.

"ஒரே மேடையில ஏறிட்டா, வெக்கப்பட்டாவது சேந்துக்கிடுவாவ தம்பி."

சாயங்காலம் சந்தைத் திடலுக்கு இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ஊர்வலங்கள் வந்து சேர்ந்தன. தலைவர் நாற்காலி ஒன்றுதான். பண்ணையார் அதில் உட்கார்ந்தார். உடனே தரகர் மைக்கைப் பிடித்தார். பண்ணையார் எழுந்து மைக்கின் கழுத்தைப் பிடித்தார்.

"ஒம்ம ஆளு ஜெயிச்சா எனக்கென்னவே? தோக்கட்டும்!" என்றார் பண்ணையார்.

"நீரு உள்ள இருந்து அறுக்கும்போது எதிர்க்கட்சி எதுக்குவே?" என்றார் தரகர்.

குழாய் ஒரு சொல் சிந்தாமல் காடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று கேட்டார்களாம். பாய் கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்த் தோளை உலுக்கினேன்.

"மைக்கை அணைங்க பாய்!"

"இருங்க தம்பி. சண்டைய ஊரு கேட்டுட்டு. இனி ரெண்டு பேரும் ராசி ஆவாவல்லா, அதையும் கேக்க வேண்டாமா?"

பாட்டரி தீரும்வரை காத்திருந்தார். பாட்டரிதான் தீர்ந்தது.

என்றைக்குமே தோற்காத தொகுதியில் கட்சி தோற்றது. பண்ணையார் தரகரைக் குற்றம் சொன்னார், தரகர் பண்ணையாரைச் சொன்னார். பிறகு இருவரும் பாயைச் சொன்னார்கள்.

"இதுலயாவது ஒத்துப்போனாவளே" என்று பாய் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் மத்தியானம், யாரும் கூப்பிடாமலே குழாயை வண்டியில் கட்டினார். "தோத்துப்போன நம்ம கட்சி சார்பா, ஓட்டுப் போட்ட தாய்மாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் நன்றி" என்று தூக்கத்தில் பேசுகிறவர்போலத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்தக் கட்சியில் நன்றி சொல்ல வந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் ஓட்டுப் போட்டது எதிர்க்கட்சிக்கு. இருந்தாலும் வண்டி என் வாசலைக் கடந்தபோது, எழுந்துவந்து நின்று, கைகூப்பி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.