எண்ணெய் நாடுகளும் கலியனின் ஸ்கூட்டரும்

இந்தக் காலத்து ஜனங்கள் சோற்றை மென்று தின்கிறார்கள், சேதியை மட்டும் மெல்லாமலே விழுங்குகிறார்கள் என்பது கலியனின் தீர்மானமான கருத்து. எவனோ ஒருத்தன் போனில் எதையோ அனுப்புகிறான். வாங்கியவன் படிக்கக்கூடப் படிக்காமல் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுகிறான். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்க உண்மையாகிவிடுகிறது. தூ!

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்படி ஒரு சேதியை அவர் பெற்ற பிள்ளையே காலைப் பலகாரத்தோடு சேர்த்துப் பரிமாறினான்.

"நைனா, பெட்ரோல் ஏறப் போவுது" என்றான் விஜய், போனைப் பார்த்துக்கொண்டே.

"எவன் சொன்னான்?"

"எண்ணெய் விக்கிற நாடுங்க எல்லாம் இன்னிக்கு மீட்டிங் போடறாங்க. எடுக்கறதைக் குறைக்கப் போறாங்களாம். குறைச்சா ரேட் ஏறும்."

"எங்கியோ பாலைவனத்துல எவனோ மீட்டிங் போட்டா, ஹடப்சர்ல ஏன்டா ஏறுது?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. ஆனா ஒண்ணு. இன்னொரு தபா ஏறிச்சு, உன் ஸ்கூட்டர் பங்கார்காரன்கிட்ட போயிடும். பழைய இரும்பு விலைக்குத் தள்ளிடுவேன். மைலேஜும் இல்ல, சொசைட்டி பூரா புகை. உனக்கு சீனியர் சிட்டிசன் பாஸ் எடுத்துத் தரேன், ஜாலியா பஸ்ல போ."

கலியன் தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி. மகன் ஹடப்சரில் ஃப்ளாட் வாங்கி அவரையும் மனைவி பவுனையும் அழைத்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இந்தப் புது இடத்தில் யாரையும் கேட்காமல் அவர் வெளியே போக முடிகிறது என்றால், அது அந்த ஸ்கூட்டரால்தான். அது போனால் காய்கறிப் பையும் பஸ் பாசுமாகப் பவுன் பின்னால் நடக்க வேண்டியதுதான்.

"ஏறாது" என்றார். "நான் பார்த்துக்கிறேன்."

"நீ பார்த்துக்கிறியா? ஷேக்குகிட்ட பேசப் போறியா?" என்றாள் பவுன்.

கலியன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கீழ்வீட்டு ஸ்ரீவத்சன் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். படித்தவர்களை நம்பக்கூடாது என்றாலும், அவர்கள் எந்தப் பக்கம் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது என்று கலியன் அவர் வீட்டு மணியை அழுத்தினார்.

"உண்மைதான் சார்" என்றார் ஸ்ரீவத்சன். "அவங்க உற்பத்தியைக் குறைச்சா உலகச் சந்தையில கச்சா எண்ணெய் விலை ஏறும். ஆனா இங்க வார்டு எலெக்‌ஷன் இருக்கே. ஓட்டுப் போடற வரைக்கும் ஏத்தத் தயங்குவாங்க. முடிஞ்சதும் சேர்த்து வச்சு ஏத்துவாங்க."

முன்பாதியைக் கலியன் காதிலேயே வாங்கவில்லை. பின்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லுங்க! எல்லாம் உள்ளூர் வேலை. பம்ப் முதலாளிங்க ஏத்தறாங்க, அரசியல்வாதிங்க பார்த்துக்கினு இருக்காங்க. ஷேக்கு பேரைச் சொல்லி நம்ம காதுல பூ சுத்தறானுங்க."

"இல்ல சார், அது அப்படி இல்ல..."

கலியன் மாடிப்படி இறங்கிவிட்டிருந்தார்.

வார்டில் நிற்கும் வேட்பாளர் சுஷ்மாவை, மராத்தியில் அக்கா என்ற அர்த்தத்தில் ஊரே 'சுஷ்மா தாயி' என்று கூப்பிட்டது. தேர்தல் ஆபீஸ் மாடியில் இருந்தது. கலியன் விறுவிறுவென்று ஏறி, தொழிற்சாலையில் கற்ற இந்தியில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். பெட்ரோல் ஏறப் போகிறது, பம்ப்காரர்கள் சதி, நீங்கள் தடுத்தால் என் வீட்டு ஓட்டு உங்களுக்கு.

தாயி எழுந்து நின்று, சித்தப்பா முறை வைத்து 'காகா' என்று அவரைக் கும்பிட்டார். இந்த ஊரில் கலியனை யாரும் அதுவரை கும்பிட்டதில்லை.

"காகா, உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கே மோர்ச்சா. பைக் ஊர்வலம். வர்றவங்க எல்லாரும் முனையில இருக்கிற பம்ப்ல டேங்கை நிரப்பிட்டு வரட்டும், பாதி வழியில நின்னா நமக்குத்தான் அவமானம். அப்புறம், மாட்டு வண்டி மேல ஏத்த ஒரு பழைய ஸ்கூட்டர் வேணும். பெட்ரோல் போட முடியாம மாடு இழுக்குதுன்னு ஜனங்க பார்க்கணும். உங்ககிட்ட இருக்கா?"

பேச்சில் நேர்மை தெரிந்தது. கலியன் சாவியைக் கொடுத்துவிட்டார்.

மதியத்துக்குள் பம்ப்பில் வரிசை. ஊர்வலத்துக்காகப் பத்துப் பேர் நின்றதைப் பார்த்து, காரணம் தெரியாதவர்களும் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் நின்றார்கள். வரிசையின் போட்டோ போன்களில் பறந்ததும் ஹடப்சர் மொத்தமும் கேனும் பாட்டிலுமாக வந்து சேர்ந்தது. கடைசியில் 'ஸ்டாக் இல்லை' என்று பலகை தொங்கியது.

விஜய் போன் பண்ணினான். "நைனா, வாகட் ஏரியாவுக்குப் போலாம்னு கிளம்பினா வரிசையில மாட்டிக்கினேன். பெட்ரோல் காலியாம். எவனோ ஒரு கிழவன் கிளப்பிவிட்டானாம்."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சா விடுவாங்களா?"

"அப்ப சரி" என்று கலியன் போனை அணைத்தார்.

ஊர்வலம் கிளம்பியது. மாட்டு வண்டி மேல் ஸ்கூட்டர். அதற்குச் சாமந்தி மாலை, ஹேண்டிலில் கறுப்புத் துணி, முன்னால் பறை. பால்கனியிலிருந்து பார்த்த பவுன் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு கீழே ஓடிவந்தாள்.

"யோவ்! உசிரோட இருக்கிற வண்டிக்கு மாலை போட்டு ஊர்கோலம் வுடறியே, உனக்கு புத்தி கெட்டுப் போச்சா?"

"சும்மா இரு. வண்டியைக் காப்பாத்தத்தான் இதெல்லாம்."

"பாடையில ஏத்திக் காப்பாத்தறியா?"

சந்திப்புக்கு வந்ததும் கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான், "கொளுத்துங்கடா!" உருவ பொம்மை யாரும் கொண்டுவரவில்லை. எல்லார் பார்வையும் ஸ்கூட்டர் மேல் போயிற்று. பம்ப்பில்தான் பெட்ரோல் இல்லையே. ஒரு புத்திசாலி ஸ்கூட்டரின் டேங்கிலேயே ரப்பர் குழாயை விட்டு உறிஞ்ச ஆரம்பித்தான். கலியனின் வண்டியை, கலியனின் பெட்ரோலாலேயே கொளுத்த ஏற்பாடு.

"தாயி! இது பேச்சுல இல்லியே!" என்று கலியன் கத்தினார்.

"காகா, ஜனங்களோட கோபம். நான் எப்படித் தடுப்பேன்?" என்றார் தாயி, காமிராவைப் பார்த்து.

கலியன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, சக்கரத்தில் கால் வைத்து மாட்டு வண்டி மேல் ஏறி, ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப கொளுத்துடா, பார்க்கலாம்!"

கூட்டத்திலிருந்து கைதட்டல் இடி மாதிரி எழுந்தது. எண்ணெய் நாடுகளை எதிர்த்து ஒரு பெரியவர் உயிரைப் பணயம் வைத்து உட்கார்ந்துவிட்டார் என்று சேதி பரவியது. மாலை ஸ்கூட்டரிலிருந்து அவர் கழுத்துக்கு மாறியது. டிவிக்காரன் மைக்கை நீட்டினான்.

"எப்ப இறங்குவீங்க?"

"வண்டியை விடற வரைக்கும் இறங்க மாட்டேன்."

"கேட்டீர்களா! எண்ணெய் நாடுகள் பிடிவாதத்தை விடும் வரைக்கும் இறங்கமாட்டாராம்!"

இறங்கினால் வண்டி போய்விடும். இறங்காவிட்டால் இடுப்பு போய்விடும். மாடுகூடச் சலித்துப்போய்ப் படுத்துவிட்டது. கலியன் மட்டும் ஹேண்டிலை விடவில்லை. கூட்டத்தில் விஜய் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அந்தக் கிழவன் யார் என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

வெயில் சாயும் நேரத்தில் ஸ்ரீவத்சன் போனை ஆட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார்.

"சார், இறங்குங்க! மீட்டிங் முடிஞ்சுடுத்து. உற்பத்தியைக் குறைக்கல. கூட்டறாங்களாம்!"

தாயி ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. "நம் போராட்டத்துக்கு வெற்றி! ஹடப்சரின் குரல் பாலைவனத்தை எட்டியது! நன்றி காகா!" வெடி வெடித்தது, பேடா விநியோகம் ஆயிற்று. கொளுத்த வந்தவனே ஸ்கூட்டரைத் தோளில் தாங்கிக் கீழே இறக்கி வைத்தான்.

"எப்படிடா நம்ம ஜெயிப்பு?" என்று கலியன் மகனிடம் கேட்டார்.

விஜய்க்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "ஸ்கூட்டரை நீயே வச்சுக்கோ நைனா. அதை பங்கார்ல போட்டா ஊரே என்னை அடிக்கும்."

கலியனுக்கு அது போதும். குழாய் விட்டு உறிஞ்சியதில் டேங்க் காலி என்பதால் வண்டியை முனையிலிருந்த பம்ப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஸ்டாக் மறுபடி வந்திருந்தது. அங்கே பெட்ரோல் போடும் மும்தாஜ் வாணியம்பாடிப் பக்கத்துப் பெண்.

"தாத்தா, டிவியில பார்த்தேன். கலக்கிட்டீங்க."

"அதை வுடும்மா. ரேட் இறங்கிச்சா?"

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. நேத்து ரேட்தான்."

"அவனுங்க அதிகமா எடுக்கறாங்களாமே?"

"அவங்க எடுத்தா இங்க உடனே இறங்கிடுமா தாத்தா?"

கலியனின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா! அதான் காலையிலேருந்து கத்தறேன். ஷேக்கும் இல்ல, கீக்கும் இல்ல. எல்லாம் உன் பம்ப் முதலாளி பண்ற வேலை. தாயிக்குப் பயந்துதான் அந்தாளு இன்னிக்கு வாலைச் சுருட்டிக்கினு இருக்கான்."

மும்தாஜ் குழாயைக் கையில் பிடித்தபடியே அவரை விநோதமாகப் பார்த்தாள். "தாத்தா, நான் ஒண்ணு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்" என்றார் கலியன், டேங்க் மூடியை இறுக்கித் திருகியபடி. "பேப்பரையும் நம்பமாட்டேன், படிச்சவனையும் நம்பமாட்டேன். இந்த ஊர்ல தாயி ஒருத்தியைத் தவிர நான் எவரையும் நம்பறதா இல்ல."

ஓரமாகப் போய் உதைத்துக் கிளப்பலாம் என்று அவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

மும்தாஜ் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்: "இந்தப் பம்ப்புக்கு முதலாளியே தாயிதான் தாத்தா! காலையில நீங்க அவங்க மாடியிலேருந்து இறங்கின உடனே ரெண்டு டேங்கருக்கு ஆர்டர் கொடுத்துட்டாங்க!"