சிங்காரத்தின் வலது கால்

ஒரு காட்டில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. போதாக்குறைக்கு இரண்டு பத்திரிகைகளும் இருந்தன. அப்புறம் குற்றத்துக்கு என்ன பஞ்சம்?

அவற்றில் ‘கிளைச்செய்தி’ என்கிற பத்திரிகையின் நிருபர் அம்சவேணி என்ற மைனா. பாவம், சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்கூட ஆண்டு விழாவும் அன்னதானமும்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஆசிரியர் காக்கை கூப்பிட்டு ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தது.

“எதிர்ப் பத்திரிகைக் கிளியைப் பாரு! போலீஸ் ஜீப்புலயே ஏறிப் போய் எழுதுது. தினமும் முதல் பக்கம்! நீயும் ஏறு. இல்லேன்னா ஆயுசுக்கும் ஆண்டு விழாதான்.”

இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் ஒரு கரடி. விளம்பரம் என்றால் தேனைவிடப் பிரியம். “வாங்கம்மா, வாங்க” என்று அம்சவேணியை ஜீப்பின் முன்சீட்டிலேயே உட்கார வைத்தது. ஏட்டு எருமை பின்னால் ஒடுங்கிக்கொண்டது. சைரன் அலற, முயல்கள் வழிவிட, அம்சவேணிக்குத் தலைகால் புரியவில்லை. அடடா, உலகம் முன்சீட்டிலிருந்து எவ்வளவு அழகாக இருக்கிறது!

அன்றைய வழக்கு, யானை வீட்டில் வாழைத்தார் திருட்டு. காலையிலிருந்து காட்டையே சுற்றியும் திருடன் சிக்கவில்லை. வெயில் ஏறியது. கரடிக்குப் பசி. அந்த நேரம் பார்த்து, சிங்காரம் என்கிற சாரைப்பாம்பு பாதையோரம் வெயிலில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஓடுறான் பாரு! பிடி!” என்று கரடி கத்தியது.

ஏட்டு எருமை நிதானமாக இறங்கிப் போய், தூங்குகிறதைச் சுருட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தது.

ஸ்டேஷன் வந்ததும், “நீங்க வெளியில ஒரு டீ சாப்பிடுங்கம்மா” என்றது கரடி. உள்ளேயிருந்து ஏதேதோ சத்தம் கேட்டது. அம்சவேணி டீயைக் குடித்தது. சத்தம் நின்றதும் ஏட்டு வந்து செய்திக்குறிப்பைக் கொடுத்தது. ‘தப்பியோட முயன்ற சிங்காரம், கழிவறையில் வழுக்கி விழுந்ததில் வலது கால் முறிந்தது.’

அம்சவேணி இரண்டு தடவை படித்தது. “ஐயா, பாம்புக்குக் காலு...”

“டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களா?” என்றது கரடி. “மாவுக்கட்டு போட்டிருக்கோம்ல? கால் இல்லாம மாவுக்கட்டை எதுலம்மா போடுவாங்க?”

போட்டுத்தான் இருந்தார்கள். எங்கே போடுவதென்று தெரியாமல் நட்டநடுவில் போட்டிருந்தார்கள். போட்டோ எடுக்கப் போனபோது சிங்காரம் மெதுவாகச் சொன்னது, “அக்கா, நீங்க ஜீப்புலதானே இருந்தீங்க. நான் தூங்கிட்டுத்தானே இருந்தேன்? அதை மட்டும் எழுதுங்கக்கா. வீட்டுக்குப் போயிடுவேன்.”

அம்சவேணி ஆபீசுக்குப் பறந்து போய், ‘தூங்கிய பாம்பைத் தூக்கிய போலீஸ்’ என்று தலைப்பிட்டு, பார்த்தது பார்த்தபடி எழுதியது. எழுதியதைப் படித்து அதற்கே பெருமை தாங்கவில்லை.

அப்போது போன் அடித்தது. கரடிதான்.

“அம்மா, நாளைக்குச் சாராய வேட்டை. பெரிய கேஸு. கிளியும் வரேன்னு உயிரை வாங்குது. முன்சீட்டு ஒண்ணுதானே இருக்கு? காலைல உங்க பேப்பரைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்.”

அம்சவேணிக்கு ஆண்டு விழா மேடைகள் வரிசையாகக் கண்முன் வந்து போயின. பிறகு ‘தூங்கிய’ என்பதை அடித்தது. அதை அடித்தபின் மற்றதை அடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஆசிரியர் காக்கை செய்தியை வரிவரியாகப் படித்தது. ரொம்பக் கண்டிப்பான பேர்வழி. “வலது காலா, இடது காலா? நல்லா விசாரிச்சியா? தப்பு வந்தா நம்ம பேரு கெட்டுடும்.”

“வலதுதான் சார்.”

மறுநாள் முதல் பக்கம், கொட்டை எழுத்தில் அம்சவேணியின் பெயரோடு. கோர்ட்டில் நீதிபதி ஆந்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “காலையே காணோமே?” என்று இழுத்தது. கரடி பேப்பரை நீட்டியது. “கூடவே இருந்து பார்த்த நிருபர் எழுதினது, ஐயா.” ஆந்தை படித்தது, தலையாட்டியது. சிங்காரத்தை ஜெயிலுக்கு அனுப்பி, காலை நன்றாகக் கவனிக்கும்படி கருணையோடு உத்தரவும் போட்டது.

அம்சவேணி அப்போது முன்சீட்டில் சாராய வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜெயிலுக்குச் சிங்காரத்தின் பெண்டாட்டி வந்தது, கையோடு அந்தப் பேப்பரையும் எடுத்துக்கொண்டு.

“நான் திருடலடி” என்றது சிங்காரம்.

“திருட்டு கிடக்கட்டும்யா” என்று கம்பியைச் சுற்றிக்கொண்டு விம்மியது பெண்டாட்டி. “இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். உனக்குக் கால் இருக்கிற விஷயத்தை என்கிட்டகூட மறைச்சிட்டியே, பாவி!”

நீதி: முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் பாம்புக்கும் கால் தெரியும்.