முள்ளம்பன்றிக்கு விசா இல்லை

ஒரு காட்டில், இருட்டிய பிறகு, ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சிறுத்தை குதிக்கிற சத்தம் இல்லை. கிளை முறிகிற சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ‘டொம்’.

பிலோமினா என்கிற முள்ளம்பன்றி, குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவளுடைய வளைக்கு வேரால் பின்னிய கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. “ஆறே மாசத்தில உங்களையும் கூப்பிட்டுக்குவேன், தாழ்ப்பாள் எதுக்கு?” என்று சொல்லிவிட்டு அக்கரைக் காட்டுக்கு வேலைக்குப் போனவன் அவள் புருஷன் சவரிநாதன். அவன் போன பிறகு பிறந்த குட்டிக்கு இப்போது பேச்சே வந்துவிட்டது. சிறுத்தையும் வந்துவிட்டது. ராத்திரியானால் வளை வளையாக மோப்பம் பிடித்துக்கொண்டு போகிறது.

மறுநாள் நரி அண்ணாச்சி சத்தத்துக்கு விளக்கம் சொன்னார். அவர் விசா ஏஜெண்ட்.

“அது முத்திரை குத்துற சத்தம்மா. அக்கரைக்காரங்க நம்ம ஆலமரத்தில ஆபீஸ் திறந்திருக்காங்க. ஆபீசர் கூகை. அதான் ராத்திரி வேலை.”

“ஒரு குத்துக்கு ஒரு விசாவா அண்ணாச்சி?”

“ஒரு குத்துக்கு ஒரு மறுப்பு. விசா குடுத்தா சத்தமே கேக்காதாம். அப்படி ஒரு ராத்திரியை இன்னும் நான் பாக்கல.”

படிவத்தில் ‘திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று ஒரு கட்டம் இருந்தது. “இப்படி ஒரு வளையை விட்டுட்டு எவளாவது அங்க தங்குவாளான்னு அவங்களுக்குத் தோணணும்” என்று சொல்லி அண்ணாச்சியே எழுதினார். கோடையில் குளுகுளு. மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது. வாசலிலேயே கிழங்கு. ஏழு அறை. உண்மையில் ஒன்றரை அறை. கிழங்கு மட்டும் நிஜம்.

புகைப்படத்தில் முள் படிந்திருக்க வேண்டும் என்பது விதி. பிலோமினா விளக்கெண்ணெய் தடவி, மூச்சை அடக்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அதில் பெரிய சைஸ் பெருச்சாளி மாதிரி இருந்தாள்.

ஆலமரத்தடியில் வரிசை. முன்னால் போன மான் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

“என்னாச்சுக்கா?”

“கல்யாண ஆல்பத்தில நான் சிரிக்கவே இல்லையாம். நிஜக் கல்யாணம் மாதிரி தெரியலையாம்.”

“நிஜக் கல்யாணத்தில யாருக்கா சிரிக்கிறாங்க?” என்றாள் பிலோமினா. அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“குட் ஈவினிங் சார்.”

கூகை படத்தைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பயத்தில் அவளுடைய முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

“படத்தில் இருப்பது நீ இல்லை.”

“நான்தான் சார். பயந்தா இப்படி ஆயிடுவேன்.”

“எங்கள் காட்டில் என்ன பயம்?”

“காட்டைப் பாத்து இல்ல சார். உங்களைப் பாத்து.”

“புருஷன் அங்கே. குட்டி உன் இடுப்பில். நீ எதற்குத் திரும்பி வருவாய்?”

“ஏழு அறை சார்...” என்று ஆரம்பித்தவளுக்கு உடம்பு உதறியது. நீளமான முள் ஒன்று கழன்று மேஜைமேல் விழுந்தது.

“ஆயுதம் வேறா!” என்றது கூகை. ‘டொம்.’ குட்டிக்குத் தனியாக இன்னொரு ‘டொம்’.

பிலோமினா முள்ளை எடுத்துக்கொண்டு வீடு வந்தாள். “அடுத்த தடவை பயந்த மாதிரியே போட்டோ எடுத்துருவோம்மா” என்றார் அண்ணாச்சி.

பத்து நாள் கழித்து, இருட்டிய பிறகு, கதவுக்கு வெளியிலேயே ‘டொம்’. குட்டி வீறிட்டது. பிலோமினா கதவை ஒருக்களித்துப் பார்த்தாள். முத்திரையைத் தரையில் வைத்துவிட்டு, அவளுடைய ஃபைலை அணைத்துக்கொண்டு கூகை நின்றது.

“அக்கரையில் புதுச் சட்டம் அம்மா. ராத்திரியில் அலறுகிறவர்கள் எல்லாம் வெளியேற வேண்டுமாம். இங்கே ஆலமரத்தில் என் பொந்திலும் வேறு யாரோ இருக்கிறார்கள். விடிந்தால் காக்கைகள் கொத்தும். உனக்கு ஏழு அறை இருக்கிறதே, ஒன்று போதும்.”

வழக்கமான கதையென்றால் பிலோமினா மனமிரங்கிக் கதவைத் திறந்திருப்பாள். மனம் இரங்கத்தான் செய்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

“போட்டோ இருக்கா சார்?”

கூகை நீட்டியது. படத்தில் முகம் நேராக இருந்தது. கூகையோ, காக்கை வருகிறதா என்று கழுத்தை முழுதாகப் பின்னால் திருப்பியிருந்தது.

“படத்தில இருக்கிறது நீங்க இல்ல.”

“நான்தான் அம்மா! பயந்தால் கழுத்து திரும்பிவிடும்.”

“எங்க வளையில என்ன பயம்? சரி, திரும்பிப் போவீங்களா?”

“போக இடமில்லையே.”

“உண்மையைச் சொன்னதுக்குத் தேங்க்ஸ் சார்.” இடுக்கு வழியாகக் கையை விட்டு முத்திரையை உள்ளே இழுத்தாள். ஃபைலையும் வாங்கினாள். ‘டொம்.’

கதவைச் சாத்தினாள். தூரத்தில் சிறுத்தை உறுமியது. கழன்று விழுந்த அந்த முள்ளை எடுத்து, வேர்களுக்கு நடுவே குறுக்காகச் செருகிப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

“மம்மி, அப்பா வந்தா?”

“படிவம் கொண்டு வரட்டும்” என்றபடி முள்ளைக் கடைசிவரை தள்ளினாள்.

நீதி: தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் வெளிநாடு.