என் மகள் முகம் போட்ட பை

காத்தோங்கில் வாழும் மதிப்பிற்குரிய திரு. அம்பலவாணர் அவர்களுக்கு,

குவீன்ஸ்டவுனிலிருந்து முத்துசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் யோகமும் மகள் மயூராவும் இருக்கிறோம். நலமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ‘அன்புள்ள சம்பந்தி’ என்று எழுதிப் பழகிய கை இன்றும் அப்படியே தொடங்கியது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தாம்பூலப் பை விஷயம். கல்யாணம் பேசியபோது, வெற்றிலை தேங்காயைப் பிளாஸ்டிக் பையில் கொடுக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் நீங்கள். “பிளாஸ்டிக் எல்லாம் ஆத்துல போய்ச் சேருது, மீன் வயித்துல கிடக்குது, நாமதான் எடுத்துக்காட்டா இருக்கணும்” என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பிரசங்கம் செய்தீர்கள். பெண்ணைப் பெற்றவன் மறுத்துப் பேச முடியுமா? கெட்டித் துணியில், மயூராவும் உங்கள் மகன் சுஜீந்திரனும் சிரிக்கிற படத்தோடு, பெயரோடு, அறுந்துபோகாத கைப்பிடியோடு மூட்டை மூட்டையாகத் தைத்து வாங்கினேன். பை வந்து இறங்கிய வாரம், உங்கள் மகன் “வேண்டாம்” என்று போனில் ஒரு செய்தி அனுப்பினார். நீங்கள் நேரில்கூட வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பைகளைக் குப்பையில் போட யோகத்துக்கு மனம் வரவில்லை. “நல்ல துணிங்க, பாவம்” என்று, நான் இல்லாத நேரம் பார்த்து எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மூட்டையோடு வைத்துவிட்டாள். பேரங்காடியில் பைக்குக் காசு கேட்கிற காலம். சும்மா கிடைத்தால் விடுவார்களா? பொழுது சாய்வதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. அன்று பிடித்தது சனி. தேக்கா சந்தையில் என் மகள் தலைக்கு மேல் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ரயிலில் அவள் மூக்கில் மீன் தண்ணீர் சொட்டுகிறது. சாங்கி விமான நிலையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இருவரையும் தோளில் மாட்டி விமானம் ஏற்றிவிட்டார். அவர்களுக்கு நடந்த தேனிலவு அது ஒன்றுதான். லிஃப்ட்டில் மேல்மாடிச் சீனப் பாட்டி தன் கையிலிருந்த பையையும் மயூராவையும் மாறி மாறிப் பார்த்து, “ஏய், இது நீதானே லா! ஹஸ்பண்ட் எங்கே?” என்றாராம். “பைலதான் இருக்காரு ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு வந்தவள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

இதற்கெல்லாம் சிகரம் போன ஞாயிறு. ரஞ்சன் என்ற பையனின் வீட்டார் மயூராவைப் பார்க்க வந்தார்கள். வரும் வழியில் வாங்கிய பழத்தைக் கடைக்காரர் ஒரு பையில் இனாமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் யார் சிரிக்கிறார்கள் என்று கவனிக்காமல் பையனின் அம்மா எங்கள் மேசைமேல் வைத்தார். எல்லோரும் பையைப் பார்த்தோம், மயூராவைப் பார்த்தோம். மயூராதான் ஆப்பிளை எடுத்து அடுக்கிவிட்டு, பையை மடித்து அந்த அம்மாவிடம் நீட்டி, “மறந்துடாதீங்க ஆன்ட்டி, இப்போ பைக்கெல்லாம் காசு” என்றாள். போனவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

ஆகவே, அந்தப் பையோடு கண்டவர்களுக்கெல்லாம் பதிலுக்குப் புதுப்பை கொடுத்து, கெஞ்சி, நான் மீட்ட பைகளை உங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கப் போகிறேன். இனி என் உயிர் உள்ளவரை உங்கள் வீட்டுப் பை எதுவும் என் வீட்டுக்குள் நுழையக் கூடாது. உங்கள் துணைவியாருக்கு யோகத்தின் விசாரிப்புகள். பிள்ளையார் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்து, அத்தனை நாளும் தவறாமல் தேக்கா சந்தைக்கு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
முத்துசாமி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஜலாலுதீன் பாய் வந்தார். நேற்று அவர் உங்கள் மகனின் கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். அங்கே கொடுத்த தாம்பூலப் பையைக் காட்டினார். சுஜீந்திரன், பக்கத்தில் வேறொரு பெண். பிளாஸ்டிக் பை. மயூரா அதைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சமையலறைக் குப்பையை அதில் கொட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு, குப்பைக் குழாயில் தள்ளிவிட்டு, வெகுநாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். குப்பை கட்டத் துணிப்பை உதவாது. வீட்டில் பிளாஸ்டிக் பைக்குப் பெரும் தட்டுப்பாடு. உங்கள் பை அளவெடுத்த மாதிரி இருக்கிறது. மிச்சமிருந்தால் தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.