சுவரில் விரல் நடத்தும் வைத்தியம்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் தங்கை, என் வலது தோள் ஆகிய மூவரில் இருவர் நலம். அங்கு எல்லோரும் முழுசாக நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் சொன்னீர்கள் என்று பிசியோதெரபிக்குப் போனேன் பாருங்கள், என் புத்தியைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, தடவிக்கொள்ள ஒரு களிம்புகூட இல்லை. அங்கே வைத்தியம் பார்க்கிற பெண், நம் மகளைவிடச் சின்னவள், பாகைமானி மாதிரி ஒன்றைத் தோளில் வைத்து அளந்துவிட்டு, "தோள் இறுகிப்போச்சு சார். வலிக்குதுன்னு அசைக்காம வெச்சிருந்தா இன்னும் இறுகும். தினமும் மூணு வேளை சுவத்துல விரலாலயே மேல நடங்க" என்றாள். முப்பத்தொரு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன் இந்த வயதில் பல்லியோடு போட்டி போட வேண்டுமாம். செய்ததைக் குறிக்க ஒரு தாளும் கொடுத்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தெம்பு வந்தது. வருகைப் பதிவேட்டில் வாரம் முழுவதற்குமான கையெழுத்தைத் திங்கட்கிழமையே போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவன் அல்லவா நான்? மாதம் முழுவதற்கும் அன்று மாலையே டிக் அடித்து வைத்தேன்.

உங்கள் தங்கை விட்டாளா? "இப்படித்தாங்க, பாருங்க" என்று தினமும் என் முன்னால் சுவரில் விரல் நடத்திக் காட்டுவாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி, முழங்கை மடங்குகிறது என்று குற்றம் சொல்வேன். மாதக் கடைசியில் தாளை நீட்டினால் அந்தப் பெண் நிதானமாகப் பார்த்துவிட்டு, "சார், இது முப்பது நாள் மாசம். முப்பத்தொண்ணாம் தேதியும் மூணு வேளை செஞ்சிருக்கீங்க" என்கிறாள். அளந்தால் கை பழைய இடத்திலேயே நிற்கிறது. கூட வந்த உங்கள் தங்கையோ, "எனக்குத் தோள்பட்டைப் பிடிப்பு போயிடுச்சும்மா" என்கிறாள். நோய் எனக்கு, குணம் அவளுக்கு. இதற்குப் பெயர் வைத்தியமா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் மகளின் பிரசவத்துக்கென்று உங்கள் தங்கை வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள், மூன்று மாதம். பரணிலிருந்த பெட்டியை அவளே எட்டி இறக்கிவிட்டாள், எல்லாம் அந்தச் சுவர் நடையின் புண்ணியம். இனி எனக்குச் சட்டை மாட்டிவிடுவது யார்? வலக்கையை முதலில் நுழைத்து, காலரைச் சரிசெய்து, பித்தான் போட்டு, "ம், போங்க" என்று சொல்வது யார்? நீங்கள் அண்ணன். என் கை சரியாகிற வரை போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மகளைச் சம்பந்தியம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, கையைத் தூக்க முடியாததால் எழுத்தில்.

இப்படிக்கு,
உங்கள் ஒற்றைக்கை மாப்பிள்ளை

பி.கு.: தாள் விஷயத்தில் மானம் போனதிலிருந்து, அவள் கடைக்குப் போகும் நேரமெல்லாம் நானும் சுவரில் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆறு வாரமாயிற்று. இன்று காலை குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சட்டையை நானே மாட்டிப் பார்த்தேன். காலர்வரை சரியாக இருந்தது. கழற்றிவிட்டு, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். அவளைத் தடுக்க வேண்டாம், போய்வரட்டும். வெள்ளிக்கிழமை வரை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.