இயக்குநரின் முதல் பைட்

படைப்பு தொடங்கிய நாளிலிருந்து, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்த அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். தஞ்சாவூரில் உள்ள நெல் ஈரப்பத அளவீட்டு நவீனமயமாக்கல் இயக்ககம். அங்கே இயக்குநர் அனந்தநாராயணன் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே இருப்பார். ஜாய்ஸ் கழிப்பறைக்கு அடுத்த அறையில் இருப்பாள். ஈரப்பத இயந்திரத்தின் உணர்கருவி சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்கும் 'டிரைவர்' என்னும் நிரலை எழுதுவது அவள் வேலை.

ஐப்பசி பிறந்த அன்று, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் புது இயந்திரம் நின்றுபோனது. நெல்லைப் போட்டதும் திரை கறுத்தது. பழைய இயந்திரத்தை முந்தின வாரம்தான் மாலை போட்டு வழியனுப்பியிருந்தார்கள். ஈரப்பதம் பதினேழுக்குள் என்று இயந்திரம் சொன்னால்தான் நெல்லை வாங்குவார்கள். இயந்திரம் எதுவுமே சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஜாய்ஸ் போய் இறங்கினாள். அடைக்கலசாமியின் குறுவை நெல் தார்ச்சாலையில் குவிந்து கிடந்தது.

"மூணு நாளா தார்ப்பாயோட கிடக்கேன்மா. மெஷினுக்கு என்ன, காய்ச்சலா?"

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தாள். ஈரப்பதம் என்னும் எண்ணுக்கு நினைவகத்தில் நான்கு பைட், அதாவது நான்கு கட்டம், இடம் வேண்டும். புது இயந்திரத்தின் சில்லு, அதாவது சிப், நான்கு நான்காகத்தான் எடுக்கும். எண் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். ஆனால் இயந்திரம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் தம் 'தலைமையில்' செல்ல வேண்டுமென்று இயக்குநர் தம் குறியீட்டை, ஒற்றை பைட்டாக, முன்னால் வைத்திருந்தார். அதனால் எண் ஓரிடம் தள்ளித் தொடங்கியது. பழைய சில்லு முணுமுணுக்காமல் இரண்டு நடை போய் எடுத்து ஒட்டிக்கொண்டது. புது சில்லுக்கு அந்தப் பணிவு கிடையாது.

"புரியுது," என்றார் அடைக்கலசாமி. "அடுக்கி வச்ச அட்டியில அடி மூட்டை ஒண்ணு தள்ளிக் கிடந்தா மேல எல்லாமே தள்ளிப் போயிடும். அந்த ஒத்தை மூட்டையைத் தூக்கிக் கடைசில போடேன்."

"அது மூட்டை இல்லைங்க ஐயா. இயக்குநர்."

மறுநாள் 'அவசர உயர்மட்டக் கூட்டம்' கூடியது. பஜ்ஜி வந்தது.

"சார், உங்க குறியீட்டைச் செய்தியோட கடைசிக்கு மாத்திடலாம்."

"வால்லயா?"

"இல்லைன்னா முன்னாலயே இருக்கட்டும். அதுக்கும் எண்ணுக்கும் நடுவுல மூணு பைட்டை வெத்தா விட்டா சரியாயிடும்."

"அரசுப் படிவத்துல ஒரு கட்டத்தைக்கூட வெத்தா விடக் கூடாதும்மா. தணிக்கையில கேப்பாங்க."

"மூணு பூஜ்யம் போட்டுக்கலாம் சார்."

"என் பக்கத்துல மூணு பூஜ்யமா?"

கண்காணிப்பாளர் அப்துல் மஜீது பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அப்ப எதையும் மாத்த வேணாம் சார். நாலு பைட்டையும் ஒவ்வொண்ணா எடுத்துக்கிற மாதிரி டிரைவரைத் திருத்திட்டேன். ரெண்டே வரி. இந்தப் பென் டிரைவ்ல இருக்கு."

"யார் அனுமதியில?"

அன்று மாலையே அவளுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. திருத்தத்தை இயந்திரத்தில் ஏற்றினால் வேலை போகும் என்பதை அது மிகுந்த கண்ணியத்துடன் தெரிவித்தது.

பதினோரு நாள் ஆராய்ந்து, அந்தக் கூட்டம் அமைத்த குழு ஒரு தீர்வு கண்டது. மூன்று கட்டங்களை நிரப்ப மூன்று குறியீடுகள் வேண்டும். குறியீடு வேண்டுமென்றால் பதவி வேண்டும். ஆகவே மூன்று இணை இயக்குநர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் பணி: இயக்குநருக்கும் நெல்லுக்கும் நடுவே அமைதியாக இருத்தல். வந்த நாள் முதல் அவர்கள் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்தப் பதினோரு நாளில் ஒன்பது நாள் மழை. ஜாய்ஸ் மூன்று முறை நிலையத்துக்குப் போனாள். ஒருமுறை இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்றாள். கைப்பையைத் திறந்து பென் டிரைவைத் தொட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு மூடினாள். அடைக்கலசாமி தார்ப்பாயைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் இயக்குநர் நிலையத்துக்கு வந்து நாடாவை வெட்டினார். இணை இயக்குநர்கள் கைதட்டினார்கள். இயந்திரத்தில் போட்ட முதல் பிடி அடைக்கலசாமியின் நெல். திரை கறுக்கவில்லை. 24.6 என்று பளிச்சென்று காட்டியது.

"மெஷின் நல்லாயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சுங்க ஐயா."

"அப்ப அது சொல்றது நெசம்தான்."

"நெசம்தான்."

அவர் குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். நெல்மணிகளில் வெள்ளை வெள்ளையாய் முளை விட்டிருந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அன்னைக்கே அந்தப் பைக்குள்ளதானே இருந்துச்சு?"

 மேடையில் இயக்குநர் பேசினார். இனி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும் என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இயக்குநர் முதலில் இருந்தார். அவரை அடுத்து இணை இயக்குநர்கள் மூவர். நெல் தார்ச்சாலையில். திருத்தம் ஜாய்ஸின் கைப்பையில்.