ஆட்டுத் தோலை நம்பிய சீட்

பொத்தானை அமுக்கினால், டாய்லெட் சீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் நீண்டு வந்து, வெதுவெதுப்பான தண்ணீரைச் சரியான இடத்தில் பீச்ச வேண்டும். வியாழக்கிழமை காலை அது பாதி வழி வந்து, இரண்டு சொட்டு விட்டு, மறுபடி உள்ளே போய்விட்டது.

"மாப்ளே, இது இன்னா, அழுவுதா?" என்று பாத்ரூமுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார் மாமனார் சுந்தரமூர்த்தி.

வெளியே நின்ற சம்பத் கதவில் காதை வைத்தார். மூட்டு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதமாக மாமனார் ஆம்பூரில் மகள் வீட்டில்தான் இருக்கிறார். அவரால் குனிய முடியாதே என்று, சென்னையில் இருக்கும் மச்சான் ஹேமந்த் இந்த மின்சார சீட்டை வாங்கி அனுப்பியிருந்தான். அனுப்பியதோடு சும்மா இருந்தானா? ஒரு வாரமாகத் தினமும் போன்.

"மாமா, சீட் நல்லா வேலை செய்யுதா? தண்ணி சூடா வருதா? ஞாயித்துக்கிழம நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்."

"இன்னா முடிவு? அப்பாவ சென்னைக்குக் கூட்டிட்டுப் போவத்தான்," என்று மனைவி எழிலரசி கண்ணைக் கசக்கினாள். "ஒரு சீட்டக்கூட ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல, அப்பாவ எப்டி வெச்சிக்குவீங்கன்னு கேப்பான் பாருங்க."

சம்பத்துக்கு இதில் துளியும் சம்மதமில்லை. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர் அவர். நாள் முழுக்க ஷூ கம்பெனியின் பசை வாசனையில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், குறுக்கெழுத்தில் பாதிக் கட்டங்களை மருமகனுக்கென்று மிச்சம் வைத்துக் காத்திருக்கும் மாமனார் எத்தனை பேருக்கு வாய்ப்பார்? மனுஷன் போய்விட்டால் அப்புறம் சாயங்காலமே இருக்காது.

தவிர, இது மானப் பிரச்சினையும்கூட. இருபத்திரண்டு வருடமாக ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஜெர்மனிக்குப் போகிற ஷூவையே பளபளக்க வைக்கிறவருக்கு ஒரு பிளாஸ்டிக் சீட் எம்மாத்திரம்! கூடவே வந்த விளக்கப் புத்தகத்தை அவர் உறையிலிருந்துகூட எடுக்கவில்லை.

முதலில் அழுக்கு போகட்டும், குழாய் தானாக வழிக்கு வரும் என்பது அவர் கணக்கு. அன்று மாலை கம்பெனியிலிருந்து ஒரு பாட்டிலில் தின்னர் வந்தது.

"ஷூவுல வழியுற பசையே இதுல போய்டும்," என்று சொல்லிக்கொண்டே துணியில் நனைத்து அழுத்தித் துடைத்தார். மஞ்சள் கறை போனது. அதோடு பளபளப்பும் போனது. பிளாஸ்டிக் இளகி, அவருடைய நாலு விரலும் அதில் அழகாகப் பதிந்துவிட்டன.

"இன்னாங்க, கைநாட்டு வெச்சிருக்கீங்க?" என்றாள் எழிலரசி.

"பேஜார் பண்ணாத. மெழுகு பாலிஷ் போட்டா மறஞ்சிடும்."

மறைந்துதான் போனது. வெள்ளிக்கிழமை காலை சீட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போலிருந்தது. சுந்தரமூர்த்தி உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் பக்கெட் பக்கமாகப் போனார். சுவரில் கம்பி இருந்ததால் பிழைத்தார்.

"மாப்ளே! நான் உக்கார வந்தேனா, சறுக்கு மரம் ஆட வந்தேனா?"

வழுக்கலுக்கும் சம்பத்திடம் மருந்து இருந்தது. அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால் தோலைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவார்கள். அதற்குக் கம்பெனியில் ரஃபிங் என்று பெயர். உப்புத்தாளை எடுத்து சீட்டுக்கும் ஒரு ரஃபிங் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை மாமனார் உட்கார்ந்த மறு நொடியே எழுந்து நின்றார். ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார், அவ்வளவு வேகம்.

"தேங்கா துருவியிலயா மாப்ளே உக்கார வெக்கிற?"

சம்பத் உப்புத்தாளைத் தூக்கி எறிந்தார். அன்று மதியமே, ஷூவுக்குள் லைனிங் கொடுக்கும் மெல்லிய ஆட்டுத் தோலை அளவெடுத்து வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் கொடுத்து ஓர் உறை தைத்தார். சீட்டில் மாட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. மாமனார் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல உக்கார மனசு வரலியே மாப்ளே," என்று உருகினார்.

உட்கார்ந்தால் மட்டும் என்ன? குழாய் அழுதுகொண்டுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் சம்பத், தோல் பதனிடும் இடத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஹம்மாத்துக்கு போன் போட்டார்.

"உங்க போர் தண்ணில உப்பு ஜாஸ்தி தோஸ்த். குழாய் வாயில படிஞ்சிருக்கும்," என்றார் ஹம்மாத். "எங்க ஃபில்டர் அடச்சிக்கினா எலுமிச்ச உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், கரச்சுதான் கழுவுறோம். அதுல அர மணி நேரம் ஊற வை. ஆனா குழாய கையால இழுக்காத, ஒடஞ்சிடும். ஆள் உக்காந்தாத்தான் அது வெளிய வரும்."

"ஆள் உக்காந்துக்கினு இருந்தா நான் எங்கப்பா கைய வைக்கிறது?"

"அது உன் பாடு," என்று ஹம்மாத் போனை வைத்துவிட்டார்.

சம்பத் சோர்ந்துபோய் பாத்ரூமில் முட்டி போட்டு, ஈரத் துணியால் உறையைத் துடைத்தார். துடைக்கையில் முழங்கை பொத்தானில் பட்டது. பின்னால் 'விர்' என்று ஒரு சத்தம். குழாய் தலையை நீட்டியது!

ஈரத் தோல் மேலே கிடந்ததும், யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்று சீட் நம்பிவிட்டது. ஆட்டுத் தோலா ஆள் தோலா என்று அதற்கு என்ன தெரியும்!

"எழில்! ஓடியா! பிளக்கப் புடுங்கு!"

எழிலரசி பிடுங்கினாள். குழாய் நீட்டியபடியே நின்றுவிட்டது. மதியம் பிரியாணி வாங்கிய பாலித்தீன் கவரைக் கழுவி, எலுமிச்சை உப்புத் தண்ணீரை ஊற்றி, குழாயை அதற்குள் விட்டு ரப்பர் பேண்டு போட்டார் சம்பத். அரை மணி நேரம் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவரை எடுத்துவிட்டுப் பழைய பிரஷால் மெதுவாகத் தேய்த்ததும், வெள்ளை வெள்ளையாக உப்பு உதிர்ந்தது.

மறுபடி பிளக்கைச் செருகி, உறையை நனைத்து, சம்பத் பொத்தானை அமுக்கினார்.

தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவர் நெற்றிப் பொட்டிலேயே அடித்தது. மூக்கிலிருந்தும் மீசையிலிருந்தும் சொட்டச் சொட்ட, "வெதுவெதுன்னு வருது மாமா!" என்று கத்தினார் சம்பத்.

"சிக்ஸர் மாப்ளே, சிக்ஸர்!" என்று மாமனார் வாசலில் நின்று கைதட்டினார். எழிலரசி சிரித்துக்கொண்டே முந்தானையால் புருஷனின் முகத்தைத் துடைத்தாள். கல்யாணமான புதிதில் துடைத்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான். சம்பத் சந்தோஷம் தாங்காமல் இன்னொரு தடவை அமுக்கி, இன்னொரு தடவை முகத்தில் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஹேமந்தின் கார் வந்து நின்றது. அவன் மனைவி மோகனா பின்சீட்டில் எதையோ எடுத்துக்கொண்டிருக்க, ஹேமந்த் காபிகூட வேண்டாமென்று நேரே பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

பத்து நிமிஷம் ஆனது. இருபது நிமிஷம் ஆனது. பரீட்சை ரிசல்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளாக மூன்று பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாகக் கதவு திறந்தது. ஹேமந்தின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"மாமா, ஏ ஒன்! அதுவும் லெதர் சீட்! எங்க எம்.டி. கார்லகூட இந்த சொகம் கெடையாது," என்று சம்பத்தின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். "முடிவு பண்ணிட்டேன் மாமா. இந்த வீடுதான் சரி."

எழிலரசி பெருமூச்சு விட்டாள். சுந்தரமூர்த்தி மருமகன் தோளில் கை போட்டுக்கொண்டார். சம்பத் நெஞ்சை நிமிர்த்தி, ஜெயித்த குரலில் கேட்டார்:

"அப்ப மாமாவ சென்னைக்குக் கூட்டிட்டுப் போவ மாட்ட இல்ல?"

"அப்பாவையா? நான் ஏன் கூட்டிட்டுப் போறேன்?" என்று ஹேமந்த் விழித்தான்.

இரண்டு பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்த மோகனா, மூச்சு வாங்கச் சொன்னாள்:

"அண்ணா, செவ்வாக்கிழம இவருக்கு வேலூர்ல மூலம் ஆபரேஷன், ரெண்டு மாசத்துக்கு அந்த சீட்ட விட்டு இவரு எழுந்திருக்கப் போறதில்ல, நீங்க மாமாவுக்கு வேற ஏதாச்சும் வழி பண்ணிடுங்க!"